மாம்பழ ஜூஸில் ஆனைமுடி

எதையும் மூன்று முறை சரிபார்க்கும் ஆள் நான். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, குழந்தை மூச்சு விடுகிறதா (விடுகிறது, பார்க்கப் போய் எழுப்பிவிட்டதால் அழவும் செய்கிறது). இப்படிப்பட்டவள் ஒரு தவறைக்கூட மூன்று முறை செய்வாள் என்பது, எலப்புள்ளி பக்கம் ஒரு ஜூஸ் கம்பெனி லேப்பில்தான் தெரிந்தது.

அன்று எனக்குப் பரீட்சை. மாம்பழ ஜூஸில் பாலிஃபீனால் என்கிற சத்து எவ்வளவு என்று சரியாக அளந்துவிட்டால், எச்.பி.எல்.சி. கருவியை இனி நான் தனியாகவே இயக்கலாம். சாற்றை ஒரு மெல்லிய குழாய்க்குள் அழுத்தி அனுப்பினால், கலந்திருப்பவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வரும். திரையில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மேடு எழும்.

வெளிச்சம் பட்டால் பாலிஃபீனால் கெடுமே என்று ஜூஸைப் பழுப்புக் குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்தேன். சின்னக்கானல் தேயிலை ஃபாக்டரியில் வேலை செய்யும் அப்பா கொடுத்தனுப்பிய தூளில் பால் விடாமல் போட்ட கட்டன் சாயாவையும் அதே மாதிரிக் குப்பியில், அதே ஃபிரிட்ஜில் வைத்தேன். (டீயிலும் பாலிஃபீனால் இருக்கிறதே, கெட்டுப்போனால்? படித்த புத்தி!) பெயர் எழுதி ஒட்டப் போன நேரம் வீட்டிலிருந்து ஃபோன்: குழந்தைக்குச் சளி. எனக்கும் மூக்கடைப்பு.

குழந்தை நினைப்பிலேயே குப்பியை எடுத்து வடிகட்டி, நீர் கலந்து, ஓட்டினேன். திரையில் எழுந்தது மேடா? ஆனைமுடிச் சிகரம்! சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினேன். மூன்றாவது முறையும். அச்சு அசலாக அதே!

கணவருக்கு ஃபோன் போட்டேன். "என்னங்க, நான் எதையோ கண்டுபிடிச்சிட்டேங்க!"

"மொதல்ல சோறு தின்னியா?" என்றார்.

லேப் தலைவி சரஸ்வதி அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "இந்தப் பெரிய மேடு என்ன கண்ணு?"

"மாம்பழத்தோட சத்துக்கா!"

"இது டீ, காப்பியில இருக்கற காஃபீன் வார எடம். எந்தூரு மாமரத்துல காஃபீன் காய்க்குது?" குப்பியைத் திறந்து முகர்ந்தார். "அடடா, ஏலக்காயெல்லாம் தட்டிப் போட்டிருக்கறயே!"

தனியாக இயக்கும் அனுமதி ஒரு மாதம் தள்ளிப்போனது. அழுகையை அடக்கிக்கொண்டு அப்பாவிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம தூள்ல சத்து நெறைய இருக்குன்னு மெஷினே சொல்லிருச்சா?"

"ஆமாப்பா."

அவ்வளவுதான். இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும், "பயப்படாம குடிங்க, எம்மக மூணு தடவ டெஸ்ட் பண்ணி பாஸ் போட்ட டீ" என்று சொல்லித்தான் அப்பா டம்ளரை நீட்டுகிறார்.