அடிக்காமல் விட்ட பந்துகளின் கணக்கு

ஜீவனஹள்ளி,
பெங்களூர் - 5.
18 ஜனவரி 1997, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய சிவசங்கரன் மாமாவுக்கு,

அக்கா மகள் யசோதா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பாவின் முழங்காலைத் தவிர எல்லோரும் சௌக்கியம். அங்கே தங்களுடைய சௌக்கியமும், ஜெயலட்சுமி அத்தையின் சௌக்கியமும், அத்திபெலே செக்போஸ்ட்டில் லாரிகள் நிற்கும்வரை தங்கள் லாரி ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் சௌக்கியமும் குறைவின்றி இருக்கும் என்று நம்புகிறேன்.

தங்கள் கார்டு கிடைத்தது. 'சாஃப்ட்பால் தேர்வுக் குழுவில் இருக்கும் சீனிவாசராகவன் என்னோடு படித்தவன். உன் பேட்டிங் ஆவரேஜ் எவ்வளவு என்று ஒரு வரியில் எழுது, மீதியை நான் பேசிக்கொள்கிறேன்' என்று கேட்டிருந்தீர்கள். ஒரு வரியில் எழுதுகிறேன்: சைபர்.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள், மாமா, மீதியையும் படியுங்கள். மாநில டீமில் இடம் கிடைத்தால் ஒரு சர்டிஃபிகேட் கிடைக்கும், அது இருந்தால்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட முடியும், அப்பா மார்ச் மாதம் ஃபேக்டரியிலிருந்து ஓய்வு பெறுகிறார். இதெல்லாம் தங்களுக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், எங்கள் டீமிலேயே அதிகத் தடவை அவுட்டாகாமல் தப்பித்தவள் நான்தான் என்பது. சாஃப்ட்பால் அமெரிக்காக்காரர்களின் பேஸ்பாலுக்குத் தங்கை. கணக்கு இரண்டுக்கும் ஒன்றே. மூன்று மூலைகளில் இருக்கும் பேஸ்களை வரிசையாகத் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். எறிகிறவள் நாலு பந்துகளை மோசமாக எறிந்து, நான் அவற்றைத் தொடாமல் விட்டால், முதல் பேஸுக்குச் சும்மா நடந்து போகலாம், அதற்கு 'வாக்' என்று பெயர். கிரிக்கெட்டில் வைடு பந்துக்குக் கிடைக்கும் ஓட்டம் உதிரிக் கணக்கில் போய்விடுகிறதே, மட்டையோடு நின்றவருக்கு அதில் பங்கே இல்லையே, அதைப் போலத்தான் இதுவும்: வாக் போனது ஆவரேஜில் ஏறாது, இறங்காது. அடித்துப் பிழைத்ததை மட்டும் எண்ணுவார்கள். ஆகவே இருபது தடவை மட்டையோடு நின்று, பதினொரு தடவை நடந்து போய், ஒரு தடவை உடம்பில் பந்து வாங்கிப் போய், எட்டுத் தடவை அவுட்டான என் பெயருக்கு எதிரே, அசோசியேஷன் ஆபீஸில் பெரிய சைபர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

இந்தச் சைபரைப் பார்த்து நியாயம் கேட்கப் போகிறேன் என்று அப்பா, கூட வேலை செய்யும் உத்தமன் மாமாவையும் அழைத்துக்கொண்டு அந்த ஆபீஸுக்கே போனார். அங்கிருந்த கிளார்க் தாளைத் திருப்பிக் காட்டி, "ஏன் ஸ்வாமி, இல்லி பரீ சொன்னெ இதெ" என்றாராம், இங்கே வெறும் சைபர்தானே இருக்கிறது என்று. "பெஸ்ட் ப்ளேயருக்கு எவ்ளோ?" என்று அப்பா கேட்க, பத்துக்கு மூன்று அடித்தால் பெரிய ஆள் என்று அவர் சொல்ல, "பத்துக்கு மூணா? அது எங்க ஏரியாவுல ஃபெயில் மார்க்குங்க!" என்று உத்தமன் மாமா சிரித்துவிட்டார். அதோடு நியாயம் கேட்டது முடிந்தது. வீட்டுக்கு வந்த அப்பா அம்மாவிடம், "அன்னம்மா, உன் பொண்ணு ஃபெயிலும் இல்ல, பாஸும் இல்ல, எக்ஸாமே எழுதலயாம்" என்றார். "கையில கட்டையக் குடுத்தும் சும்மா நின்னா வேற எப்பிடி போடுவான்?" என்று அம்மா கேட்டாள். அம்மாவுக்கு இந்த ஆட்டத்தின் விதி ஒன்றும் தெரியாது. ஆனாலும் மட்டையைத் தூக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் காதில் விழுகிறது.

உடம்பில் பந்து வாங்கியதையும் சொல்லிவிடுகிறேன், அத்தை காதுக்கு வேறு விதமாக வந்திருக்கும். அன்றைக்குத்தான் அப்பா முதன்முதலாக ஆட்டம் பார்க்க வந்திருந்தார். எதிர் டீம் பெண் எறிந்த பந்து என் தோளில் பட்டது. அப்படிப் பட்டால் முதல் பேஸ் இலவசம், ஆகவே அம்பயர் என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். நானும் தோளைத் தடவிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். என்னை ஆட்டத்தை விட்டே அனுப்புகிறார்கள் என்று நினைத்த அப்பா, முழங்காலை மறந்து மைதானத்துக்குள் ஓடி வந்துவிட்டார். "அடிச்சவள விட்டுட்டு அடி வாங்கினவள வெளிய அனுப்புறீங்களா? இது என்னய்யா ஊரு?" அம்பயர் கன்னடத்தில் விளக்க, எறிந்த பெண் அழ, எங்கள் கோச் டோரீன் மிஸ் ஓடி வந்து, அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "அப்பாதுரை, இது நல்ல அடி மேன்! நமக்கு லாபம்!" என்று கத்த, மகள் அடிபட்டதில் என்ன லாபம் என்று அப்பா அவரிடமும் சண்டைக்குப் போனார். ஆட்டம் கால் மணி நேரம் நின்றது. எங்கள் காக்ஸ் டவுன் பக்கம் இப்போதும் என்னை 'நல்ல அடி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

என்னைச் சும்மா நிற்க வைத்தவரும் டோரீன் மிஸ்தான். அவர்மேல் குறை சொல்லவில்லை. நான் குள்ளம், என் உயரத்துக்குச் சரியாக எறிவது எதிர் டீமுக்குக் கஷ்டம், அதைச் சேர்ந்த முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "யசோ, டோன்ட் பீ எ ஹீரோ. பொறுமையா நில்லு, அவளே தப்பு பண்ணுவா" என்றார். நான் நின்றேன். அவளும் தப்புப் பண்ணினாள். முதல் பேஸில் போய் நிற்பேன், எனக்கு அடுத்து மட்டை பிடிக்கும் மமதா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வீசு வீசுவாள், பந்து அந்தப் பக்கத்து மரங்களுக்கு மேலே போகும், நான் ஓடி முடிப்பேன். ஓட்டம் என் பெயரில். எல்லோரும் கட்டிப்பிடிப்பது மமதாவை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மாமா. முதல் பேஸிலிருந்து கேட்டால் அவள் மட்டையில் பந்து படும் சத்தம் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் தெரியுமா? அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் ஓடத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதமாகத் தொடங்குகிறேன்.

அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடையில், அட்டை போன ஒரு பேஸ்பால் புத்தகம் கிடைத்தது. அதில்தான் படித்தேன்: ஆவரேஜுக்குப் பக்கத்தில் இன்னொரு கணக்கும் உண்டு, எப்படியாவது பேஸுக்குப் போய்ச் சேர்ந்தவர்களை அது எண்ணுகிறது. நடந்து போனதும் சேரும், நல்ல அடியும் சேரும். அந்தக் கணக்கில் எனக்குப் பத்துக்கு ஆறு. அமெரிக்காவிலேயே அப்படிப்பட்டவர்கள் அபூர்வமாம். அவர்களுக்கு எறிகிறவர்கள் வேறு, எங்களுக்கு எறிகிறவர்கள் வேறு என்பதைச் சீனிவாசராகவன் சாரிடம் சொல்ல வேண்டாம். முதல் கணக்கு அடித்ததை அளக்கிறது, இரண்டாவது அவுட்டாகாததை அளக்கிறது, டீமுக்கு இரண்டும் வேண்டும், இந்தப் பெண் இரண்டாவதில் முதலிடம் என்று மட்டும் சொல்லுங்கள். அவர் ஒப்புக்கொள்வார். புத்தகம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், அடிக்க ஆசைப்பட்டு விட்டுவிட்ட பந்துகளுக்கு ஒரு கட்டமும் இல்லை. இருந்தால் அதிலும் நான் முதலாக வருவேன். ஆட்டத்துக்கு வெளியே எத்தனை விட்டேன் என்று தாங்கள் கேட்க மாட்டீர்கள், அதற்கு நன்றி.

தேர்வு 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் தாங்கள் அவரை ஒருமுறை பார்த்துப் பேசினால் எங்கள் வீட்டுக்கு மார்ச் மாதம் பயமில்லாமல் வரும். அத்தைக்கு என் நமஸ்காரம். அம்மா தன் தம்பியான தங்களைப் பொங்கலுக்கு எதிர்பார்த்து ஏமாந்ததாக எழுதச் சொன்னாள், கோபமில்லை என்றும் எழுதச் சொன்னாள். தங்கள் ஆசியை வேண்டும்,

யசோதா

பின்குறிப்பு: கடிதத்தை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும். இன்று ஞாயிறு, காலையில் ஆட்டம் இருந்தது. கடைசிக் கட்டம், மூன்று பேஸிலும் எங்கள் பெண்கள், ஒரு ஓட்டம் பின்தங்கியிருக்கிறோம், இன்னும் ஒருத்தி அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. நான் நிற்கிறேன். மூன்று மோசமான பந்துகள் வந்துவிட்டன. நாலாவதையும் விட்டால் நான் நடப்பேன், எல்லோரும் ஒரு பேஸ் நகர்வார்கள், மூன்றாவது பேஸில் இருப்பவள் உள்ளே வருவாள், ஆட்டம் சமம். நாலாவது பந்து என் புருவத்துக்கு நேராக வந்தது. "லீவ் இட், யசோ!" என்று டோரீன் மிஸ் கத்தியது கேட்டது. வீசிவிட்டேன். எல்லோர் தலைக்கும் மேலே போனது, மாமா. மைதானத்தின் கடைசியில் நின்ற பெண் பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள். தோற்றோம். டோரீன் மிஸ் மட்டைகளைப் பைக்குள் எறிந்துவிட்டு நடந்துவிட்டார். அப்பா மட்டும் வேலி ஓரத்தில் எழுந்து நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். "அவுட்டாம்மா?" என்றார். "அவுட்டுதாம்பா" என்றேன். "ஆனா எம்மாந்தூரம் போச்சு!" என்றார்.

மேலே எழுதியதெல்லாம் சரியான கணக்குதான். ஆனால் சீனிவாசராகவன் சாரைப் பார்க்க வேண்டாம். தேர்வன்று அவர்களே பார்க்கட்டும், நான் வீசத்தான் போகிறேன், வேலை அதற்குக் கிடைத்தால் கிடைக்கட்டும். அப்பாவிடம் சொல்லிவிட்டேன், சரி என்றார். உள்ளங்கை இரண்டும் இன்னும் எரிகின்றன. இந்தப் பகுதியில் எழுத்து கோணலாக இருப்பதற்கு மன்னிக்கவும்.