பிரம்மச்சாரி கையில் புருஷன் நோய்

2002இல் ஈரல் சாமியார் லிங்கராஜபுரத்தில் வந்து இறங்கியதுதான் தாமதம், பஸ்ஸுக்கே வரிசையில் நிற்காத ஜனம் வரிசையில் நின்றது. கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் இன்ஜினியரைக் கூப்பிடுகிற ஐ.டி. கனவான்கள், ஈரலில் வைரஸ் என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பெண்டாட்டியோடு வந்துவிட்டார்கள்.

சீதாலட்சுமியை இழுத்து வந்தவன் அவள் புருஷன் ராஜேந்திரன். ஆபீஸ் முகாமில் ரத்தம் கொடுக்கப் போனவன், தனக்கு ஹெபடைடிஸ் சி என்ற ஈரல் வைரஸ் இருக்கிற சேதியோடு திரும்பினான். அவளுக்கும் பரிசோதித்தார்கள், ஒன்றுமில்லை.

"சேர்ந்து குடித்தனம் பண்றதால ஒட்டுறது ரொம்ப அபூர்வம்மா. ரத்தம் ரத்தத்தோட சேரக்கூடாது, அவ்வளவுதான். பிளேடு, ஊசி, டூத் பிரஷ் தனித்தனியா வச்சுக்குங்க" என்றார் டாக்டர்.

ராஜேந்திரனுக்கு நம்பிக்கை வரவில்லை. அன்றிலிருந்து மொட்டைமாடியில் படுத்தான். அவளுக்குக் கோபம் ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கம்.

சாமியார் பிறவி பிரம்மச்சாரி. பெண்களைத் தொடமாட்டார். கரண்டியால் கறுப்பு மருந்தை அவர்கள் உள்ளங்கையில் பூசி, செம்பிலிருந்து தெளிந்த தீர்த்தம் விடுவார். கை ரத்தமாகச் சிவக்கும்.

"புருஷன் நோய் உள்ள எறங்கிடுச்சு தாயே!"

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். பரிகாரம்? இருவர் விரலையும் கீறி, ரத்தத்தோடு ரத்தம் தேய்த்து, நோயை வந்த வழியே அனுப்புவது. ஜோடிக்கு ஐந்நூறு ரூபாய். காலையிலிருந்து அத்தனை விரலுக்கும் ஒரே பிளேடு!

சீதாலட்சுமியின் கையும் சிவந்தது. ராஜேந்திரன் விரலைக் கீறிய பிளேடு அவள் விரலை நோக்கி வந்தது. அவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு அந்தச் சிவப்பையே பார்த்தாள். மருந்தில் கரி கலந்த மஞ்சள், தீர்த்தத்தில் தெளிந்த சுண்ணாம்பு! எத்தனை ஆரத்தி கரைத்திருக்கிறாள்? அங்கே நின்ற ஒவ்வொருத்தியும் கரைத்தவள்தான். தட்டில் இருந்தால் ஆரத்தியாம், சாமியார் ஊற்றினால் வியாதியாம்.

"விரலை நீட்டு சீதா, உன் நல்லதுக்குத்தானே" என்றான் ராஜேந்திரன்.

"இருங்க. சாமி, உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"சிவ சிவா! பெண் வாசனையே அறியாத உடம்பு தாயே இது."

சீதாலட்சுமி கரண்டியைப் பிடுங்கினாள். சாமியாரின் உள்ளங்கையில் ஓர் அப்பு. அதன்மேல் அரைச் செம்பு தீர்த்தம். கை செக்கச்செவேல் என்று சிவந்தது.

"அப்ப உங்களுக்கு எந்த மகராசி குடுத்தா சாமி?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் சாமியார் பின்வாசலைத் தேடினார்.

ராஜேந்திரன் கைக்குட்டையால் விரலைச் சுற்றிக்கொண்டு தலைகுனிந்தான். "நானே உனக்கு ஏத்திவிட இருந்தேனே சீதா!"

"அழுவாதீங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்" என்றவள் கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "காலையில இங்க விரலைக் கீறிக்கிட்டவங்க எல்லாம் நேரா டாக்டர்கிட்ட போங்க. மஞ்சத்தண்ணி பொய். அந்த பிளேடு நிஜம்!"

வரிசையில் நின்ற கோவிந்தப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அம்மா, எனக்கும் இதே வியாதிதான். ரெண்டு மாசமா என் சம்சாரத்துக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். இனிமே ஒண்ணா வச்சுக்கலாமா?"

"தாராளமா வைங்க. புத்தியைத்தான் எல்லாரும் தனியா எடுத்து வச்சுட்டு வர்றோம். அதையும் கொஞ்சம் புழக்கத்துல விடுங்க சார்!"