செபாஸ்டியன் மச்சானும் நாற்பது துருக்கியரும்

ஈப்போ,
9 ஆகஸ்டு 1927

பத்திராதிபர் ஐயா அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ரயில்வே சரக்குக் குமாஸ்தா மரியஜோசப் பணிவோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நான் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை. தாங்களும் தங்கள் அச்சுக்கூடத்தாரும், முக்கியமாக எழுத்துக் கோப்பவரும், நல்ல கண்பார்வையோடு நீடூழி வாழ வேண்டுகிறேன்.

சென்ற மாதம் காலமான என் மச்சான் செபாஸ்டியனைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அரைப் பத்தி வந்தது. ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகத் தொடங்கி, சண்டைக்குப் போய்த் திரும்பி, பாங்கியில் தலைமைக் காசாளராக உயர்ந்தவர் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரி. ஆனால் ஐயா, அந்தக் கடைசி வரி! 'மெசபொத்தேமியா யுத்தத்தில் ஒரே நாளில் தன்னந்தனியாக நாற்பது துருக்கியச் சிப்பாய்களைத் தாக்கினார்' என்று போட்டுவிட்டீர்களே, அதனால் என் அக்காள் வீட்டில் மூன்று வாரமாகச் சோறு சரியாக வேகவில்லை.

என் அக்காள் இருதயமேரி அவருடைய மனைவி. அவள் கண்ட மனுஷன் வேறு. மூன்று பெண் பிள்ளைகளுக்கும் காலையில் தலை வாரிப் பின்னிவிட்டுத்தான் பாங்கிக்குக் கிளம்புவார். பட்டாளத்தில் கோவேறு கழுதைகளுக்குக் கயிறு திரித்துப் பழகிய கை என்பதால், அவர் போட்ட பின்னல் சாயங்காலம் வரை அவிழாது. பிள்ளைகளுக்குப் புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும், அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் கோழியை அறுக்கும் நேரத்தில் அடுத்த தெருவுக்குப் போய் நின்றுகொள்வார். சண்டையைப் பற்றி யார் கேட்டாலும், "அங்க பேரீச்சம்பழம் ரொம்ப நல்லா இருக்கும்" என்பதோடு சரி.

பத்திரிகையைப் படித்த அக்காள் அன்றைக்கு அழவில்லை. சுவரில் இருந்த மச்சான் படத்தைக் காட்டி, "எட்டு வருஷமா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே தம்பி. நாப்பது பேரு! அவங்களுக்கும் பொண்டாட்டி புள்ளைங்க இருந்திருக்கும்லா" என்றாள். மறுநாளே கோயிலுக்குப் போய், செத்த நாற்பது பேருக்கும் நாற்பது பூசை வைக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறாள். சாமியார் பிரெஞ்சுக்காரர், நிதானமானவர். "அம்மா, அவர்கள் முகம்மதியர் அல்லவா?" என்றாராம். அக்காள் நேரே பக்கத்து வீட்டு ஹாஜியிடம் போய் விஷயத்தைச் சொல்ல, அந்த நல்ல மனிதர் தொழுகையில் நினைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டு, ஒவ்வொருவர் பேரும் என்ன என்று கேட்டிருக்கிறார். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "நாப்பது பேருக்கும் பேரு வேணுமாம் தம்பி, நீ பட்டாளத்துக்கு எழுதிக் கேளு" என்கிறாள். நான் ரயில்வேயில் காணாமற்போன மூட்டைக்கு எழுதிக் கேட்டே பதில் வாங்காதவன் ஐயா.

கடைசியில் சாமியாரே மனமிரங்கி, சண்டையில் இறந்தவர் எல்லோருக்குமாகத் தினம் ஒரு பூசை வைக்கத் தொடங்கினார். அக்காளோ பட்டினி கிடந்தாள். இது உயிருக்கு வந்துவிடும் என்று பயந்து, மச்சானோடு பாஸ்ராவுக்குப் போன ராமையாவைத் தேடி நான் கோப்பெங்குக்குப் புறப்பட்டேன். அந்த மோட்டார் பஸ் பாதி வழியில் நின்று, நாங்கள் இறங்கித் தள்ள, அது கிளம்பி எங்களை விட்டுவிட்டே ஓடி, பிறகு டிரைவருக்கு ஞாபகம் வந்து நிறுத்தி, நான் ஓடி ஏறியதில்தான் முழங்கால் இப்படி ஆனது.

ராமையா அங்கே ஈயச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார். பத்திரிகையைக் காட்டினேன். அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலை என் சட்டையெல்லாம் தெறித்தது. "தாக்கினாரா? அவரு கழுதைப் பட்டாளத்துல சம்பளக் குமாஸ்தாண்ணே! துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னே தெரியாது. அடக்கத்தன்னைக்குக் கல்லறையில உங்க பேப்பர்காரர்கிட்ட நாந்தான் சொன்னேன், தூக்கினாருன்னு."

நடந்தது இதுதான். நோயாளிகளான நாற்பது துருக்கியக் கைதிகளை ஏற்றி வந்த படகு ஒன்று டைகிரிஸ் ஆற்றங்கரைச் சேற்றில் சாய்ந்துவிட்டது. காய்ச்சல்காரர்கள், எழுந்து நிற்கவும் தெம்பில்லை. தொற்றிக்கொள்ளும் என்று பயந்து எல்லோரும் கரையிலேயே நிற்க, மச்சான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி ராமையாவிடம் கொடுத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாராம். "ஒவ்வொருத்தனா முதுகுல தூக்கியாந்தாருண்ணே. பத்துப் பேரு ஆனப்புறம்தான் எங்களுக்கு வெக்கம் வந்துச்சு. நாங்க எறங்கப் போனா, கண்ணாடி பத்திரம், எல்லாரும் அங்கேயே நில்லுங்கன்னுட்டாரு."

தூக்கினார், ஐயா. 'தூ' இருக்க வேண்டிய இடத்தில் தங்கள் ஆள் 'தா' போட்டுவிட்டார். ஒரே எழுத்தில் ஒரு நல்ல மனுஷன் நாற்பது கொலை செய்தவனாகிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அக்காளிடம் சொன்னேன். அவர் இறந்ததிலிருந்து அடக்கிவைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது. அழுது முடித்து, "சோறு இருக்கா?" என்று கேட்டு இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள்.

ஆகையால் தாங்கள் அடுத்த இதழிலேயே, முதல் பக்கத்தில், கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் இந்தத் திருத்தத்தைப் போட்டு, என் அக்காள் இந்தப் பூசைகளை நிறுத்த உதவுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். தங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் ஆண்டவர் சகல நன்மையும் தருவாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிந்த
மரியஜோசப்

பின்குறிப்பு: கடிதத்தை அக்காளுக்கு வாசித்துக் காட்டினேன். பூசையை நிறுத்தமாட்டாளாம். "யாரும் சாகலியே அக்கா, எதுக்கு?" என்று கேட்டேன். "காய்ச்சல்காரங்க, பொழைச்சாங்களோ என்னவோ. அவரு தூக்கிவுட்டவங்கள நான் கீழ போட முடியுமா?" என்கிறாள். ஆகவே தாங்கள் திருத்தம் போட்டாலும் சரி, போடாவிட்டாலும் சரி. நாளைக் காலை ஆறு மணிக்கு இருபத்தோராவது பூசை. எழுத்துக் கோப்பவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.