காற்றுக் கால்வாய்க்குக் காட்டிய சாம்பிராணி

ஆபத்து வந்தால் ஓடக் கூடாது, வரிசையாக நடக்க வேண்டும் என்று நூறு பேரை நிற்கவைத்து வகுப்பு எடுத்தவன் நான். ஆபத்து வந்தது. ஓடினேன். எல்லாருக்கும் முன்னால் ஓடினேன் என்று சொல்ல இன்றைக்கும் வாய் கூசுகிறது.

அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தேன். (அதிகாரி என்றால் ஒரு மஞ்சள் ஹெல்மெட், ஒரு விசில். அவ்வளவுதான்.) நூல் அறாமல் இருக்க மில்லுக்குள் ஈரக்காற்று சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகத் தரைக்கடியில் ஒரு காற்றுக் கால்வாய் உண்டு. ஒரு ராட்சத ஃபேன் தரையிலுள்ள கம்பித் தட்டிகள் வழியாக ஹால் காற்றை அதற்குள் உறிஞ்சி, நனைத்து, கூரைக் குழாய்களில் திருப்பி அனுப்பும். பறக்கிற பஞ்செல்லாம் கால்வாயில் போய்ப் படியும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அதைச் சுத்தம் செய்ய வைப்பது என் பொறுப்பு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைத்தோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், பொட்டு வைத்தோம். கால்வாயை மட்டும் விட்டுவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத இடத்தை யார் பார்க்கப்போகிறார்கள்? என் கவலையெல்லாம் அன்றைக்கு என்னைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றித்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஒருவர் தன் மகள் கோதைக்காக என் ஜாதகத்தை வாங்கிப் போயிருந்தார். "மாப்ள வேல பாக்குற எடத்தப் பாத்துட்டுத்தான் மத்த பேச்சு" என்று சொல்லிவிட்டார். பூஜைக்குத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு வருவார்கள், நீங்களும் வாருங்கள் என்றேன். அப்பாவும் மகளும் வந்தார்கள். வந்ததும் அவர் ஒரு பால்கோவாப் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

மெஷின்கள் நின்றிருந்தன. விருந்தாளிகளுக்கு வியர்க்கக் கூடாதே என்று ஃபேனை மட்டும் ஓடவிட்டிருந்தேன். மெஷின்களுக்கெல்லாம் சாம்பிராணி காட்டி முடித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"மில்லுக்கு மூச்சே இந்தக் கால்வாதான் மாமா. இதுக்கும் காட்டணும்லா?" என்று தூபக்காலை வாங்கினேன். (பெண்ணோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை, அதற்குள் மாமா!)

கோதை மெதுவாக, "ஃபேன் ஓடுதே?" என்றாள்.

"அது எப்பவும் ஓடும். காத்து எம்புட்டு வேகமா உள்ள போகுதுன்னு மட்டும் பாருங்க" என்று தட்டியருகே குனிந்தேன்.

புகை சர்ரென்று உள்ளே போனது. அவள் அப்பா வாயைப் பிளந்தார். புகைக்குப் பின்னாலேயே சிவப்பாகச் சில பொறிகளும் போயின.

சிறிது நேரம் ஒன்றுமில்லை. பிறகு கூரைக் குழாய்களிலிருந்து புகை இறங்கியது. சாம்பிராணி என்று நினைத்து ஓர் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடுத்து பஞ்சு கருகும் வாடை. தட்டிக்குக் கீழே செக்கச்செவேல் என்று ஏதோ நெளிந்தது. குழந்தைகள் இருமத் தொடங்கின.

ஃபேனை நிறுத்து, கால்வாய்க் கதவை மூடு, ஆட்களை வெளியேற்று. மூன்றையும் படம் போட்டுச் சுவரில் ஒட்டியவன் நான்தான். ஆனால் எனக்குச் சுயநினைவு வந்தபோது வெளியே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். தலைக்கு மேலே நானே எழுதவைத்த போர்டு: 'அவசர காலத்தில் கூடுமிடம்.' கூடியிருந்தது நான் ஒருவன்தான். நெஞ்சோடு அணைத்தபடி பால்கோவாப் பெட்டி.

உள்ளேயிருந்து கோதையின் குரல் கேட்டது. "மொதல்ல அந்த ஃபேன அமத்துங்க! வீட்ல ஒரு வெளக்கு ஏத்துனாலே ஃபேன நிறுத்துவோம்லா!"

யாரோ நிறுத்தினார்கள். கதவை மூடி, தண்ணீர் ஊற்றி அணைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். யார் வீட்டுக் குழந்தையையோ தூக்கிக்கொண்டு கடைசியாகக் கோதை வந்தாள். புதுச்சட்டையெல்லாம் கறுத்து, குழந்தை விடாமல் இருமியது. கோதை என்னைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் கால்வாய்க்குள்ளேயே விழுந்திருக்கலாம்.

"நீ யாருக்குய்யா பாதுகாப்பு அதிகாரி?" என்று மட்டும் கேட்டார் முதலாளி.

மறுவாரம் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். பெண் கேட்க அல்ல, மன்னிப்புக் கேட்க. கால்வாயைச் சுத்தம் செய்யாததையும் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திருப்பி நீட்டினேன். கோதையின் அப்பா திறந்து பார்த்தார்.

"கொஞ்சங்கூட நசுங்கலையே. பொருளப் பத்திரமாத்தான் பாத்துக்கிடுதாரு" என்றார். கோதை கொஞ்சம் யோசித்துத்தான் கல்யாணத்துக்குச் சரி என்றாள்.

இன்றும் அந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், குத்துவிளக்கு ஏற்றுமுன் மாமா என்னைத் தேடிவந்து ஒரு பால்கோவாப் பெட்டியைக் கையில் கொடுப்பார். "மாப்ள, நீங்க இதத் தூக்கிட்டு மொதல்ல போங்க. நாங்க கோதையக் கூட்டிக்கிட்டுப் பொறவு வாரோம்."

எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கோதை மட்டும் சிரிக்காமல் எழுந்துபோய் ஃபேனை நிறுத்துவாள்.