கேசரிக்குள் விழுந்த பீரங்கி

தீபாவளி சீசனில் சிவகாசி அச்சகத்து ஆள் எவனும் பெண் பார்க்கப் போகக்கூடாது. நான் போனேன்.

வருஷம் இரண்டாயிரத்துச் சொச்சம். பட்டாசு லேபிள் ஆர்டர்கள் குவிந்து, மிஷினோடு சேர்ந்து நானும் ஓடிக்கொண்டிருந்த நேரம். குதிரை மாதிரி நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தேன். (மற்றபடி குதிரைக்கு நிகராக என்னிடம் எதுவும் இல்லை.) விருதுநகருக்கு அம்மாதான் பஸ்ஸில் கூட்டிப்போனாராம். எனக்கு ஞாபகமில்லை.

பெண்ணின் அப்பா அங்கே மிளகாய் வத்தல் மண்டி வைத்திருந்தார். பேச்சில் கடும் சிக்கனம். "கம்பெனில என்ன அடிக்கீக?" என்று கேட்டதோடு ஓய்ந்துவிட்டார்.

வாயைத் திறந்து விளக்கத் தெம்பில்லாமல் சட்டைப்பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். மிச்ச அட்டையில் நாங்கள் அடித்த யுத்த விளையாட்டு. பிரித்தால் கைக்குட்டை அளவில் ஒரு போர்க்களம், ஆளுக்கொரு கோட்டை. புளியங்கொட்டை அளவு அட்டைத் துண்டுகளில் சிப்பாய், குதிரை, பீரங்கி. உருட்ட, சுண்டலைவிடச் சின்னதாக ஒரு பகடை. ஒரு டீ விலைதான். இருக்கன்குடித் திருவிழாக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும்.

மனுஷர் முகம் மலர்ந்துவிட்டது. பலகாரத் தட்டுகளை ஒதுக்கினார். ஸ்டூலில் யுத்தம் தொடங்கியது. எனக்கும் தூக்கம் போய்விட்டது.

"ஏலே, பொண்ணு வந்து நிக்குலே," என்று அம்மா தொடையில் கிள்ளினார்.

"இரும்மா, கோட்டை போயிரும்."

"நிக்கட்டும். நீங்க உருட்டுங்க," என்றார் பெண்ணைப் பெற்றவர்.

காபியோடு நின்றுகொண்டிருந்தவள், எங்களுக்கு வியர்ப்பதைப் பார்த்து ஃபேனை முழு வேகத்தில் போட்டாள். இரண்டு படைகளும் பறந்தன. சிப்பாய்கள் காராச்சேவில் விழுந்தார்கள். பதற்றத்தில் தரையைத் துழாவியபடியே அவள் அப்பா ஒரு வாய் கேசரியை அள்ளிப் போட்டுக்கொண்டார். உடனே முகம் சிவந்தது. கண்ணில் நீர் முட்டியது. பேச்சு வரவில்லை.

நான் அவர் தோளைத் தொட்டு, "வெளாட்டுக்குப் போயி அழுவாகளா மாமா? மறுபடி அடுக்குவோம்," என்றேன்.

பெண் என்னை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு, அப்பாவைக் குனிய வைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஒரு முந்திரிப் பருப்போடு பீரங்கி வெளியே வந்து விழுந்தது.

அவள் அதைக் கையில் எடுத்து, "இது யாரோடது?" என்றாள்.

"என்னுது," என்று கை நீட்டினேன்.

அப்போதுதான் மூச்சு திரும்பிய அவள் அப்பா சொன்னார்: "குடுத்துறாதம்மா. அது நான் பிடிச்சது."

கல்யாணம் நடந்தது. செல்போன் வந்த பிறகு அந்த விளையாட்டை யாரும் கேட்கவில்லை, அச்சகமும் நிறுத்திவிட்டது. இப்போதும் மேஜையில் சின்ன அட்டைத் துண்டு கிடந்தால் என் விரல் அதை ஒரு கட்டம் நகர்த்திப் பார்க்கிறது.

கதை மட்டும் நிற்கவில்லை. எந்த விசேஷப் பந்தியிலும் கேசரி வந்ததும், "நல்லா மென்னு தின்னுங்க, மாப்ள வந்திருக்காரு" என்று ஒரு குரல் வரும். மாமனார்தான் முதலில் சிரிப்பார். நானும் சிரித்து வைப்பேன். சிரிக்காவிட்டால், எனக்குப் புரியவில்லை என்று முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.