எட்டாம் நாள் பெயர் பெற்ற கோப்பு

எங்கள் பிறப்புப் பதிவகத்தின் பழைய அச்சுப்பொறி ஒரு செவ்வாய்க்கிழமை காலமானது. அன்றே புதியது வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பென்டிரைவ். அதற்குள் ஒரே ஒரு கோப்பு. அதைத் திறந்தால்தான் பொறி அச்சடிக்கும். அதன் பெயர் செட்டப்_கேஜே210_எக்ஸ்64.

பதிவாளர் போத்வே அதை மூன்று தரம் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "என்னைக்குப் பொறந்தது, எந்த வீட்டுப் பிள்ளை, பேர்ல ஒண்ணுமே தெரியலையே" என்றார். நியாயம்தான். எங்கள் ஊரில் பெயரைக் கேட்டாலே பிறந்த கிழமை தெரிந்துவிடும். கிழமை தெரியாத ஒன்றை அரசாங்கக் கணினிக்குள் எப்படி விடுவது?

அந்த நேரம் பார்த்து யா அச்சம்போமா வந்தாள். பேருந்து நிலையத்தில் கைப்பேசி பழுது பார்க்கிறவள். எங்கள் அலுவலகத்துக்கே கணினி உதவியாளராகத் தேர்வாகியிருந்தாள். அடுத்த செவ்வாய் ஐந்து மணிக்குள் பிறப்புச் சான்றிதழ் கொடுக்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். அந்தச் சான்றிதழை நாங்கள்தான் அச்சடிக்க வேண்டும்.

திரையை எட்டிப் பார்த்தாள். "ஐயா, பேரே எல்லாத்தையும் சொல்லுதே. செட்டப்னா பொறியைக் கணினியோட சேத்து வைக்கிறது. கேஜே210 பொறியோட மாடல், மூடியிலயே போட்டிருக்கு. எக்ஸ்64 நம்ம கணினியோட வகை. கம்பெனி முத்திரை உடையாத பெட்டியில வந்திருக்கு, தைரியமாத் திறக்கலாம்."

போத்வே மெச்சினார். "நல்ல விளக்கம். உன் பிறப்புச் சான்றிதழ் எங்கேம்மா?"

"அதை வாங்கத்தான் வந்தேன்."

"அப்போ நீ பொறந்ததுக்கே ஆதாரம் இல்ல. நீ இன்னொண்ணை அடையாளம் காட்டுறதை நான் எப்படி ஏத்துக்குவேன்?"

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. 'பிறப்பு உறுதிசெய்யப்படாத நபரின் கருத்து பதிவு செய்யப்படவில்லை' என்று பதிவு செய்தேன்.

பிள்ளைக்கு எது வழக்கமோ அதுவே கோப்புக்கும் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஏழு நாள் உள்ளேயே இருக்கும், எட்டாம் நாள் பெயர் வைக்கப்படும். பென்டிரைவை இழுப்பறையில் வைத்துப் பூட்டினோம். யா தினமும் வந்து இழுப்பறையைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சாவியும் என்னிடம்தான் இருந்தது.

அடுத்த செவ்வாய் எல்லோரும் வெள்ளை உடுத்தி வந்தோம். பெயர் வைக்கும்போது பிள்ளையின் நாக்கில் விடுவதுபோல, போத்வே பொறியின் மூடியில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு ஜின் சாராயமும் விட்டார். "தண்ணியைத் தண்ணின்னு சொல்லு, ஜின்னை ஜின்னுன்னு சொல்லு" என்று புத்தி சொன்னார். செவ்வாயன்று வந்ததால் கோப்பின் பெயரைக் குவாபெனா என்று மாற்றினார். மீதி ஜின் எங்களுக்குள் போயிற்று. குவாபெனா ஒரே சொடுக்கில் திறந்துகொண்டான். முதலில் அவனுடைய பிறப்புச் சான்றிதழை அச்சடித்தோம், ஆவணத்துக்காக. யாவுடையது ஐந்துக்குக் கால் மணி முன்னால் வந்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

போன மாதம் விரல் வைத்து வருகை பதியும் கருவி வந்தது. அதன் கோப்பைத் திறக்கும்வரை நான் வேலைக்கு வருவதற்கே ஆதாரம் இல்லை. யாவின் மேசைக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். அவள் பெயரை ஒரு தரம் பார்த்தாள். புரிந்துவிட்டது என்று முகத்திலேயே தெரிந்தது.

"என்னைக்கு வந்துச்சு அண்ணே?"

"இன்னைக்குத்தாம்மா. வியாழன்."

"அப்போ அடுத்த வியாழன் வாங்க" என்று இழுப்பறையைத் திறந்தாள். "ஜின்னு கொண்டாந்துருங்க."