மேடம் ஏறிய ஏழே முக்கால் பஸ்

மெக்கானிக்கைப் பார்த்ததும் சத்தத்தை நிறுத்திவிடும் மிக்ஸி எல்லார் வீட்டிலும் ஒன்று இருக்கும். ஒரு வாரமாக உயிரை எடுத்த பல்வலி, டாக்டரின் பெஞ்சில் போய் உட்கார்ந்ததும் போன இடம் தெரியாது. இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்திருந்தும், ஒரு பஸ் தினமும் தாமதமாக வருகிறது என்று நிரூபிப்பதற்காக ஓர் அரசாங்க அதிகாரியைக் கையோடு கூட்டிக்கொண்டு போனவள் நான்.

எனக்கு வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில். டைம் ஸ்டடி பார்க்கிறேன். அதாவது தையல்காரர்களின் முதுகுக்குப் பின்னால் ஸ்டாப் வாட்ச்சோடு நின்று, ஒரு காலர் வைக்க எத்தனை விநாடி, ஒரு பட்டி மடித்துத் தைக்க எத்தனை விநாடி என்று எழுதுவது. (இந்த வேலை பார்ப்பவர்களை யாரும் மனசாரக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை.) பின்னால் ஆள் நிற்பது தெரிந்த உடனே தையல்காரர் நிதானமாகிவிடுவார். நூலை ஊதுவார், ஊசியைத் தடவிப் பார்ப்பார். வேகமாகத் தைத்துக் காட்டினால் மறுநாளே டார்கெட் ஏறிவிடும் அல்லவா? பார்ப்பதற்கு ஆள் இருந்தால் வேலையின் வேகம் மாறும் என்பதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு பதினோரு வருஷமாகக் கற்றவள் நான். பஸ் டிரைவரும் மனிதர்தான் என்பது மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குடியிருப்பு நல்லூரைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிறது. கீழே நாலு மெஷின், மேலே குடித்தனம் என்று கட்டிய வீடுகள். நாங்கள் சாத்தான்குளம் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். தெருவிலேயே ஒரு பள்ளிக்கூடம் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்போடு சரி. ஒன்பதாம் வகுப்புக்கு டவுனைத் தாண்டி மறுகோடிக்குப் போக வேண்டும். அதற்கு இருப்பது ஒரே பஸ். ஏழே முக்காலுக்கு வர வேண்டியது எட்டேகாலுக்கு வரும். வரும்போதே கம்பெனி ஆட்களால் பிதுங்கிக்கொண்டு வரும். அப்போது ஒன்பதாவது படித்த என் மகள் ஜெனி, பாதி வருஷம் முதல் பீரியடின் முகத்தையே பார்த்ததில்லை.

பக்கத்து வீட்டுப் பூங்கொடியின் மகள் சரண்யா எட்டாவது படித்தாள். கணக்கில் புலி. அவள் அப்பா மட்டும் ஒரே பிடியாக நின்றார். "பொட்டப்புள்ளைய அந்தப் பஸ்ஸுல தொங்க வுட முடியாதுங்க. எட்டோட போதும்." அவரைக் குறை சொல்லவும் முடியாது. அதே பஸ்ஸில் தினமும் தொங்குகிறவர் அவர்.

ஆகவே எங்கள் பள்ளியைப் பத்தாம் வகுப்பு வரை உயர்த்த வேண்டும் என்று பெற்றோர் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுத்தோம். எங்களுக்குத் தலைவர் வேலுச்சாமி அண்ணன். வீட்டுக்குக் கீழே பன்னிரண்டு மெஷின் போட்டு நடத்துகிறவர். பல மனுக்களுக்குப் பிறகு, கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி ஆய்வுக்கு வருவார் என்று பதில் வந்தது. அண்ணனுடைய யூனிட்டில் துணிப் பொதிகள் மேல் உட்கார்ந்து கூட்டம் போட்டோம். என்ன காட்டுவது, எப்படிக் காட்டுவது என்று ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தபோது நான் எழுந்தேன். (எழுந்திருக்கக் கூடாது.)

"அவங்கள நம்ம பிள்ளைகளோட பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போவோம்ணே. நான் பத்து நாள் நேரம் எடுத்துச் சார்ட் போட்டுத் தாரேன்."

"ஏனுங் அம்மிணி, ஆபீசருங்க பஸ்ஸுல ஏறுவாங்களா?"

"நான் எழுதுற லெட்டர்ல ஏறுவாங்கண்ணே!"

ஏறினார்கள். அதுதான் வினை. பத்து நாளும் ஜெனியோடு போய் நேரம் குறித்து, தாமதத்துக்குச் சிவப்பும் சரியான நேரத்துக்குப் பச்சையுமாகக் கட்டம் போட்டு, நிறுத்தத்தில் காத்திருப்பதையும் சேர்த்துச் சராசரி ஒரு மணி இருபத்தெட்டு நிமிஷம் என்று அடியில் இரண்டு கோடு இழுத்து அனுப்பினேன். அதைப் பார்த்த அதிகாரி மேடம், செவ்வாய்க்கிழமை காலையில் வந்து பஸ்ஸில் ஏறுகிறேன் என்று சொல்லி அனுப்பினார். தெருவில் நான் நடந்த நடையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த நடையோடுதான் திங்கட்கிழமை சாயங்காலம் பஸ் கண்டக்டரிடம் போய் நின்றேன். கூட்டத்தில் நசுங்கி, தினமும் எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிற மனிதர், அவரும் நம் பக்கம்தானே என்று எண்ணம்.

"அண்ணே, நாளைக்கு நம்ம பஸ்ஸுல ஆபீசர் வாராங்க. நேரத்த எல்லாம் குறிச்சு மேல எழுதப் போறாங்க. நீங்க எப்பவும் போல வந்தாப் போதும்."

அவர் முகம் வெளுத்தது. "எந்த ஆபீசருங்க?"

"பெரிய ஆபீசர்" என்றேன், என்னவோ என் சித்தி மகளைப் பற்றிச் சொல்வதுபோல.

'கல்வி' என்ற மூன்றெழுத்தைச் சேர்த்துச் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை ஏழரைக்கு மேடம் ஆட்டோவில் வந்து இறங்கினார். பருத்திப் புடவை, தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில். ஒன்பது பிள்ளைகள் வரிசையில். நான் முன்னால், கழுத்தில் ஸ்டாப் வாட்ச்சோடு. அப்போது நாங்கள் கண்டே இராத ஒரு பஸ் வந்தது. நெற்றியில் 'சிறப்புப் பேருந்து' என்று பலகை. "கம்பெனி ஆளுங்கெல்லாம் ஏறு! ஆவோ, ஆவோ!" என்று அதன் கண்டக்டர் தமிழிலும் இந்தியிலும் கூவி, நிறுத்தத்தில் நின்ற மற்ற அத்தனை பேரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் கண்டக்டரிடம் சொன்னதைக் கேட்டு டிப்போவே பயந்து அனுப்பிய வண்டி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்து எங்கள் பஸ். ஏழு நாற்பத்து நான்கு. குளித்துவிட்டு வந்திருந்தது. டிரைவர் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் இருந்தார். வண்டி சரியாக நிறுத்தத்துக்கு எதிரே நின்றது. (எங்கள் நிறுத்தம் எது என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. வழக்கமாக இருபதடி தாண்டித்தான் நிற்கும், நாங்கள் ஓடுவோம்.) கண்டக்டர் கீழே இறங்கிக் கதவருகே நின்றார்.

"வாங்க கண்ணுகளா, பாத்து ஏறுங்க. படியில நிக்கக் கூடாதுங்க சாமி."

ஜெனி என் காதருகே வந்து கேட்டாள்: "அம்மா, இவரு யாரும்மா?"

எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது. மேடத்துக்கு ஜன்னலோரம். பஸ் பறந்தது. நான் என்றைக்குமே பச்சையைப் பார்த்திராத சிக்னலில் அன்றைக்குப் பச்சை. என் சார்ட்டின் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கண்முன்னால் உதிர்ந்தன. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்று ஜெனியிடம் குனிந்தேன்.

"ஏட்டி, வாந்தி வருதுன்னு சொல்லு. வண்டிய நிறுத்துவாங்க."

என் மகளுக்கு மெதுவாகப் பேசும் வழக்கம் பிறவியிலேயே கிடையாது. "எனக்கு வாந்தி வரலையேம்மா! இன்னைக்குத்தான் நல்லாருக்கு!"

மேடம் திரும்பிப் பார்த்தார். வேறு வழியில்லாமல் நானே நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணே, எனக்கு ஒரு மாதிரியா வருது. கொஞ்சம் நிறுத்துங்களேன்."

வாக்கியம் முடியுமுன் கண்டக்டர் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழம் வந்தது. "மோந்துக்கிட்டே வாங்கக்கா. வண்டி நின்னா நேரமாயிருமுங்க."

மீதி வழி முழுக்க எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, வராத மயக்கத்தை முகத்தில் வரவழைத்தபடி உட்கார்ந்திருந்தேன். ஸ்டாப் வாட்ச் மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது.

பள்ளி வாசலில் இறங்கியபோது கேட்டே திறக்கவில்லை. வாட்ச்மேன் பிள்ளைகளைப் பார்த்து மிரண்டுபோய், "ஏன் கண்ணு, இன்னிக்கு எதாச்சும் டெஸ்ட்டா?" என்று கேட்டார்.

"எவ்வளவுங்க ஆச்சு?" என்றார் மேடம் என்னிடம்.

"முப்பத்தி நாலு நிமிசம் மேடம்."

"சார்ட்டுல ஒன்றரை மணி நேரம் பக்கமா போட்டிருந்தீங்க?"

"அது... வழக்கமா மேடம்..."

அதற்குள் கண்டக்டர் ஓடி வந்து கைகட்டி நின்றார். "மேடம், நம்ம சர்வீஸப் பத்தி ரெண்டு வார்த்தை நல்லதா எழுதுங்க." மேடம் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலம் யூனிட்டில் மறுபடியும் கூட்டம். வேலுச்சாமி அண்ணன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "பரவால்லீங் அம்மிணி. பஸ்ஸு அருமையா ஓடுதுன்னு நாமளே ஆளக் கூட்டிட்டுப் போயி காட்டியிருக்கறோம். எல்லாத்துக்கும் அந்தத் திறமை வராதுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பூங்கொடி சிரிக்கவில்லை. எழுந்து வீட்டுக்குப் போனாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காமல் போனது அதனால்தான்.

என் கணவர் ஸ்டீபன் மட்டும் விடவில்லை. "ஏளா எஸ்தர், வருசக்கணக்கா நேரத்துக்கு வராத பஸ்ஸு. ஒரே ஒரு நாள் வந்திருக்கு. அதும் ஒன் வாயால!"

மறுநாள் பஸ் எட்டு இருபதுக்கு வந்தது. டிரைவரின் சட்டையில் பழைய கசங்கல் முழுசாகத் திரும்பியிருந்தது.

ஒரு வாரம் போயிற்று. பஸ்ஸில் ஜெனியை ஏற்றுவது ஒரு தனிக் கலை. அவள் படியில் கால் வைத்ததும் நான் அவள் புத்தகப்பையில் தோளைக் கொடுத்து ஒரு தள்ளுத் தள்ளுவேன். அவள் உள்ளே போய்விடுவாள், கூடவே அவளுக்கு முன்னால் நிற்பவர்களும். அன்றைக்கு முன்னால் ஒரு பெண், ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலுமாகத் தயங்கிக்கொண்டிருந்தார். பின்பக்கம்தான் தெரிந்தது.

"யம்மா, ஏறுனா ஏறுங்க, இல்லன்னா எறங்குங்க! பஸ்ஸு என்ன ஒங்க வீட்டுக் காரா?"

சொல்லிக்கொண்டே தோளைக் கொடுத்தேன். ஜெனி போனாள், அந்தப் பெண்ணும் போனார். அவருடைய ஒரு செருப்பு மட்டும் தரையில் நின்றது. பஸ் நகர்ந்தது. இரண்டு அக்குள்களுக்கு நடுவே ஒரு முகம் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது.

மேடம்.

செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் ஓடினேன். பஸ் நிற்கவில்லை. வீட்டுக்குப் பாய்ந்து ஸ்டீபனை எழுப்பி, அவர் பைக்கில் ஏறிப் பள்ளி வாசலுக்குப் போனோம். பஸ்ஸுக்கு அரை மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். அந்த அரை மணியும் கையில் ஒரு பெண்ணின் ஒற்றைச் செருப்போடு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். போகிற பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றி, கொஞ்சம் தள்ளியே போனார்கள். ஸ்டீபன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போய் எதிர்க்கடை ஓரம் நின்று, என்னைத் தெரியாத மாதிரி டீ குடித்தார்.

பஸ் வந்தது. மேடம் இறங்கினார். கொண்டை அவிழ்ந்திருந்தது. புடவையில் யாருடைய டிபன் பாக்ஸ் சாம்பாரோ வழிந்திருந்தது. ஒரு கால் வெறுங்கால். பின்னால் ஜெனி, பையைத் தலைக்கு மேல் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டு.

"மேடம், மன்னிச்சுருங்க மேடம், நான் ஆளப் பாக்காம..." இரண்டு கையாலும் செருப்பை நீட்டினேன்.

அதை வாங்கிக் கீழே போட்டு மாட்டிக்கொண்டார். கைக்கடிகாரத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார்.

"நான் ஏழே முக்காலுக்கே வந்து ஸ்டாப்புல கூட்டத்தோட கூட்டமா நின்னுட்டேனுங்க. ஒரு மணி முப்பத்தெட்டு நிமிஷம். உங்க சார்ட்டுல பத்து நிமிஷம் கொறச்சுப் போட்டிருக்கறீங்க."

நான் பழக்கதோஷத்தில் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தேன். கணக்குச் சரிதான்.

"அன்னைக்கு அந்த வாட்ச்மேன் பதறுன பதட்டத்துலயே தெரிஞ்சுதுங்க. கண்டக்டர் வேற, எங்க சர்வீஸப் பத்தி எழுதுங்கன்னு கேட்டாரு. அதான் யாருக்கும் சொல்லாம ஒரு நாள் வந்து பாக்கலாம்னு." முழங்கையைத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "அந்தத் தள்ளு வாங்கலீன்னா நான் ஏறியே இருக்க மாட்டேனுங்க. திரும்பிப் போயி, கூட்டமா இருக்குதுன்னு ஒரு வரி எழுதியிருப்பேன். இப்ப ரெண்டு பக்கம் எழுதோணும்."

எழுதினார் போலிருக்கிறது. அடுத்த ஜூனில் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. ஜெனி அப்போது பத்தாவதுக்குப் போய்விட்டதால், அவளுக்கு மட்டும் கடைசிவரை அந்தப் பஸ்தான். (இதை இன்றுவரை என்னிடம் சொல்லிக் காட்டுகிறாள்.) சரண்யா வீட்டிலிருந்து நாலு நிமிஷத்தில் நடந்து போனாள். முதல் நாள் அவள் அப்பா வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். பூங்கொடி ஒரு டப்பா நிறைய அதிரசம் கொண்டு வந்து, என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

வகுப்பறைத் திறப்புக்கு மேடத்தையும் அழைத்திருந்தோம். ரிப்பன் வெட்டியாயிற்று. எல்லாரும் உள்ளே போக வேண்டும். வேலுச்சாமி அண்ணன், "மேடம், நீங்க மொதல்ல போங்க" என்றார். மேடம் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். சட்டென்று கதவை விட்டு ஒதுங்கிக்கொண்டார்.

"இல்லீங்க, அவங்க முன்னாடி போகட்டும். அவங்க எனக்குப் பின்னாடி நின்னா ஆகாதுங்க."

கதை தெரிந்த மொத்தத் தெருவும் சிரித்தது. அதோடு போயிருக்கலாம், போகவில்லை. சர்ச்சில் ஸ்டீபன் எனக்கு முன்னால் நிற்பதில்லை. இப்போது கல்லூரியில் படிக்கும் ஜெனி, லிப்டில் ஏறும்போது ஆட்களிடம், "எங்கம்மா வாராங்க, ஓரமா நில்லுங்க" என்று அறிமுகம் செய்கிறாள். ரேஷன் கடையில் நான் போய் வரிசையின் கடைசியில் நின்றால், முன்னால் இருப்பவர் திரும்பிப் பார்த்து, "ஐயோ, நீங்களாக்கா? முன்னாடி போயிருங்க" என்று விலகுகிறார். அவருக்கு முன்னால் இருப்பவரும் விலகுகிறார்.

மானஸ்தி என்றால் மறுத்திருப்பேன். நான் நேராக முன்னால் போய்ப் பாமாயிலை வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.